பழங்கல்லின் படி

விருத்தாசலம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது பீங்கான்தான். நகரின் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுக்கும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர்களும் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. அந்தத் தொழிலைக் கற்பிப்பதற்கென்றே ஓர் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கு உண்டு. ஆயினும் மணிமுத்தாற்றின் கரையில், திருமுதுகுன்றம் என்று தேவாரம் குறிக்கும் தலத்தில், பழமலைநாதர் கோயில் கல்லால் எழுந்தது இந்தச் சூளைகளுக்கு ஆயிரம் ஆண்டு முந்திய செய்தி. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைக் கற்றளியாக, அதாவது கருங்கல்லால் ஆன கோயிலாக, எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழனின் தேவி, உத்தம சோழனின் தாய். சோழர் அரியணை யாருக்கு என்ற கேள்வியை வைத்துத் தமிழில் நாவலும் நாடகமும் திரைப்படமும் எழுந்தபோதெல்லாம் அந்தக் கேள்வியின் நடுவில் நிறுத்தப்பட்டவர்கள் இந்தத் தாயும் மகனும்தான். ஆகவே வரலாற்று நாடகம் எந்த அளவுக்கு வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதை ஆராய விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர்கள் குறைவு. அந்தக் குடும்பத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைப் பதிவு செய்த உடையார்குடிக் கல்வெட்டு இருக்கும் காட்டுமன்னார்கோயிலும் இதே கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

சிக்கலின் வடிவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் 949 இல் தக்கோலப் போரில் இறந்தான். அடுத்தவன் கண்டராதித்தன் ஆட்சிக்கு வந்து மறைந்தபோது அவன் மகன் மதுராந்தகன் சிறு பிள்ளையாக இருந்தான் என்று கருதப்படுகிறது. எனவே அரசுரிமை கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கும், பின் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் என்று அவன் கல்வெட்டுகளே பெருமையோடு கூறும் இளவரசன். அவன் 970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொலையுண்டான். அவனுக்குப் பின் அரசனானவன் அவன் தம்பி அருள்மொழி அல்லன். தந்தையின் பெரியப்பா மகனான மதுராந்தகனே உத்தம சோழன் என்ற பெயரோடு அரியணை ஏறிப் பதினைந்து ஆண்டளவு ஆண்டான். 985 இல்தான் அருள்மொழி ராஜராஜனாக முடிசூடினான். இவ்வளவும் ஆவணங்கள் தரும் எலும்புக்கூடு. இதில் கொலைக்கான காரணம் இல்லை. தம்பி ஏன் ஒதுங்கினான், சிற்றப்பன் எப்படி வந்தான் என்பதற்கான விளக்கமும் இல்லை. நாடகம் எழுதுபவரை ஈர்ப்பதும் வழிதவறச் செய்வதும் இந்த வெற்றிடம்தான்.

உடையார்குடியில், காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகுதி, அது எத்தகைய ஆவணம் என்று அறிந்தவர்கள் குறைவு. ஒரு கொலை வழக்கின் தீர்ப்பை எதிர்பார்த்து அதைப் படிப்பவர் ஏமாந்துபோவார். அது ஒரு நிலவிற்பனைப் பத்திரம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை, அதாவது அந்த அந்தணர் ஊரின் நிர்வாக அவை, அரசன் அனுப்பிய ஓலையின்படி துரோகிகளின் உடைமைகளை விற்கிறது; வாங்கியவர் அதைக் கோயிலில் உணவளிக்கும் அறத்துக்கு எழுதிவைக்கிறார். யாருடைய நிலம் இது, ஏன் விலைக்கு வந்தது என்பதை விளக்க வேண்டியிருந்ததால் மட்டுமே பாண்டியன் தலைகொண்ட கரிகால் சோழனைக் கொன்ற துரோகிகள் என்ற செய்தி உள்ளே நுழைகிறது. சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரமாதிராஜன் எனப்பட்ட ரவிதாசன், அவன் தம்பி இருமுடிச்சோழ பிரமாதிராஜன் எனப்பட்ட பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. எங்கே கொன்றார்கள், எப்படி, யார் சொல்லி என்ற ஒரு சொல்லும் இல்லை. சுவரில் வெட்டியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. பின்னாளில் யாரும் அந்த நிலத்துக்கு உரிமை கேட்டு வரக்கூடாது என்பதே அவர்கள் கவலை.

அந்தப் பட்டப்பெயர்களில் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரமாதிராஜன் என்பது அரசுப் பணியில் உயர்ந்த அந்தண அலுவலர்களுக்கு அரசர் அளித்த பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயர். எனவே ரவிதாசன் பாண்டிய அலுவலன், தன் அரசனின் தலையைக் கொண்டவனைப் பழிவாங்கினான் என்று ஒரு கதை உடனே கட்டப்பட்டுவிடுகிறது. ஆனால் அவன் உடன்பிறந்தவனின் பட்டத்திலேயே சோழன் என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. மேலும் பாண்டியரை வென்ற சோழர்கள் பாண்டியப் பெயர்களைத் தம் அலுவலருக்குச் சூட்டியிருக்கவும் கூடும். ஒரே வீட்டில் இரு பட்டங்கள் இருப்பதிலிருந்து அந்தச் சகோதரர்கள் யாருக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று முடிவு கட்ட இயலாது. பாண்டியப் பழிவாங்கல் என்பது நடந்திருக்கக்கூடிய ஒன்று. அவ்வளவே அதைப்பற்றிச் சொல்லலாம். இன்று தமிழ்நாட்டில் அது ஐயத்துக்கு இடமற்ற செய்தியாக உலவுகிறது என்றால் அதற்குக் காரணம் கல்வெட்டு அன்று, கதை.

இரண்டாவது சான்று திருவாலங்காட்டுச் செப்பேடு. 1905 இல் கிடைத்த, முப்பத்தோர் ஏடுகள் கொண்ட இந்தச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றைச் செய்யுளில் கூறுகிறது. ஆதித்தன் விண்ணுலகம் சென்றபின் குடிமக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டினர் என்றும், தன் சிற்றப்பனுக்கு அரசாள விருப்பம் இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் மறுத்தான் என்றும் அது சொல்கிறது. தமிழ்க் கற்பனையை இவ்வளவு காலம் ஆட்கொண்ட அந்தத் தியாகத்தின் வேர் இங்கே இருக்கிறது. இது ராஜேந்திரன் காலத்தில், அதாவது தியாகம் செய்ததாகச் சொல்லப்படும் அரசனின் மகன் ஆட்சியில், நிகழ்வுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, அரசவைப் புலவர் ஒருவர் பாடியது. ஆளும் குடும்பம் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொண்ட வரலாறு இது. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அதைச் சாட்சியத்தின் கடைசிச் சொல்லாகக் கொள்ள முடியாது. அருள்மொழி விட்டுக்கொடுத்தான் என்பதற்கும், மூத்த கிளையின் வாரிசு என்ற முறையில் மதுராந்தகனின் உரிமை அன்று வலுவாக இருந்ததால் அவன் காத்திருக்க நேர்ந்தது என்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரத்தைச் செப்பேட்டின் செய்யுள்கள் அழகாக மூடிவிடுகின்றன.

உடையார்குடிக் கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்ட கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், கொலையாளிகள் மீதான நடவடிக்கை ராஜராஜன் ஆட்சிக்கு வந்தபின்தான் தென்படுகிறது என்பதைக் கொண்டு, இடையில் ஆண்ட உத்தம சோழனுக்கு அந்தக் கொலையில் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். வரலாற்றாய்வாளர் சதாசிவப் பண்டாரத்தார் இந்த ஐயத்தை ஏற்கவில்லை. கல்வெட்டைப் பின்னர் மீண்டும் நுணுகிப் படித்தவர்கள், அதில் பதிவானது நிலம் கைமாறிய நாளே தவிரத் தண்டனை விதித்த நாள் அன்று என்பதைச் சுட்டினார்கள். பறிமுதல் முன்பே நடந்து, எஞ்சிய நிலத்தின் விற்பனை மட்டும் ராஜராஜன் காலத்துக்குத் தள்ளிப்போயிருக்கலாம். வேறு செய்திகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ‘மதுராந்தகன் கண்டராதித்தன்’ என்ற பெயர் கொண்ட உத்தம சோழனின் மகன், ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தை மேற்பார்க்கும் உயர்ந்த பொறுப்பில் இருந்தான். செம்பியன் மாதேவியார் ராஜராஜன் காலத்திலும் மதிப்போடு வாழ்ந்து திருப்பணிகளைத் தொடர்ந்தார். தமையனைக் கொல்வித்தவன் என்று ஒருவனை நம்பிய அரசன் அவன் தாயையும் மகனையும் இப்படி நடத்தியிருப்பானா என்ற கேள்வி எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. ஆயினும் அரசியல் கணக்குகளால் அப்படி நடத்தியிருக்கவும் கூடும். வழக்கு திறந்தே இருக்கிறது.

சிற்றப்பன் மீது அண்ணன் மகனின் இரத்தப்பழி என்ற இந்தக் கதையமைப்பு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1483 இல் பன்னிரண்டு வயது ஐந்தாம் எட்வர்டும் அவன் தம்பியும் லண்டன் கோட்டையில் வைக்கப்பட்டு, பின் யார் கண்ணிலும் படாமல் போனார்கள். அவர்களுடைய சிற்றப்பன் மூன்றாம் ரிச்சர்டு என்ற பெயரில் முடிசூடி, 1485 இல் போஸ்வர்த் களத்தில் இறந்தான். அவனை வென்று வந்த டியூடர் வம்சத்தின் கடைசி அரசி முதலாம் எலிசபெத்தின் காலத்தில் ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகம் ரிச்சர்டைக் கூனனாகவும் சூம்பிய கையனாகவும் குழந்தைக் கொலைகாரனாகவும் நிறுத்தியது. பிபிசி அந்த நாடகத்தை 2016 இல் ‘தி ஹாலோ கிரௌன்’ தொடரில் படமாக்கியது. 2013 இல் அதே நிறுவனம் ஒளிபரப்பிய ‘தி ஒயிட் குயின்’ அந்தக் காலத்தை அரசகுலப் பெண்களின் பக்கமிருந்து சொன்னது. இவற்றுக்கிடையே 2012 இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை, கை சூம்பியிருந்ததற்கு அடையாளம் இல்லை என்று ஆய்வு சொன்னது. நாடகத்தின் ஒரு செய்தி பாதி உறுதியாயிற்று, இன்னொன்று விழுந்தது. ஆனால் அந்தச் சிறுவர்களைக் கொல்லச் சொன்னவன் அவன்தானா என்ற பெரிய கேள்விக்கு அந்த எலும்புகளிடம் பதில் இல்லை.

இங்கிலாந்தின் வேறொரு வழக்கு சோழர் வழக்குக்கு இன்னும் நெருக்கமானது. 1199 இல் முதலாம் ரிச்சர்டு முறையான வாரிசின்றி இறந்தபோது, உயிரோடிருந்த தம்பி ஜானுக்கு அரசுரிமையா, ஜானுக்கு மூத்து முன்பே இறந்துவிட்ட சகோதரனின் சிறுவயது மகன் ஆர்தருக்கு உரிமையா என்ற கேள்வி எழுந்தது. மூத்த மகனின் வழியே அரசுரிமை செல்லும் என்ற விதி அங்கும் அப்போது இறுகியிருக்கவில்லை. ஜான் அரசனானான், 1202 இல் பிடிபட்ட ஆர்தர் அடுத்த ஆண்டுக்குப் பின் காணப்படவில்லை. கண்டராதித்தன் இறந்தபோது சோழநாட்டில் எழுந்ததும் இதே கேள்விதான்: மூத்த கிளையின் பிள்ளையா, வயது வந்த இளைய கிளையா? அங்கே பிள்ளை மறைந்துபோனான். இங்கே பிள்ளை வளர்ந்து, காத்திருந்து, அரசனாகி, தாயின் அறப்பணிகளுக்குத் துணைநின்று, தனக்குப் பின் அரியணை இளைய கிளைக்கே திரும்புவதற்கும் இடமளித்தான். அரசுரிமை பற்றிய தொடர்களைப் பார்த்துப் பழகிய கண் சிற்றப்பனிடம் சதியைத் தேடுகிறது. பத்தாம் நூற்றாண்டுச் சோழக் குடும்பம் இரு கிளைகளுக்கிடையே அரியணையை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு பெரும் உள்நாட்டுப் போரைத் தவிர்த்திருக்கிறது என்ற வாய்ப்பு, சதியைவிட அரியதும் ஆராயத்தக்கதுமான அரசியல் செய்தி. அதை எடுத்துச் சொல்லும் தொடர் ஒன்று வந்தால் அது இந்த நாட்டின் வரலாற்றுக்கே புதிய வெளிச்சமாகும்.

கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இந்த வெற்றிடத்தை நிரப்பிய விதம் கவனத்துக்குரியது. நந்தினி என்ற பாத்திரத்துக்குச் சான்று இல்லை; கடம்பூர் மாளிகையில் கொலை நடந்தது என்பதற்கும் இல்லை. ஆனால் கரிகாலனைக் கொன்ற கை எது என்பதைக் கல்கி மங்கலாகவே விட்டார். அதைவிட முக்கியமானது, கதையின் போக்கிலேயே நின்று, கல்வெட்டையும் செப்பேட்டையும் பெயர் சொல்லிச் சுட்டி, வாசகரிடம் நேரடியாகப் பேசும் வழக்கம் அவருக்கு இருந்தது. எனவே ஆவணம் முடிந்து கற்பனை தொடங்கும் எல்லையைக் கவனமாகப் படிக்கும் வாசகர் ஓரளவு கண்டுகொள்ளலாம். மதுராந்தகன் விஷயத்தில் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார்: அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனைப் பொய் வாரிசாக்கி, பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனையே செம்பியன் மாதேவியாரின் உண்மை மகனாகக் காட்டி, அவனை உத்தம சோழனாக்கினார். செம்பியன் மாதேவியாரின் மகனே உத்தம சோழன் என்ற கல்வெட்டுச் செய்தியும் காப்பாற்றப்பட்டது, அந்த மகன் மீது சதிப்பழி ஒட்டாமலும் போயிற்று. நீலகண்ட சாஸ்திரியாரின் ஐயம் பரவியிருந்த காலத்தில், உத்தம சோழன் குற்றமற்றவன் என்று ஒரு நாவலாசிரியர் கதையின் வழியே அளித்த தீர்ப்பாகவே இதைக் கொள்ளலாம்.

இந்த நாவலைத் தழுவிய மணிரத்னத்தின் படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தன. அரங்குகளைக் கடந்து தொலைக்காட்சி, ஓடிடி தளங்கள் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தன. இரண்டாம் பாகத்தில் சேந்தன் அமுதன் திருப்பம் இல்லை. அருள்மொழி தனக்கு வந்த முடியை மதுராந்தகனுக்கே அளிக்கிறான். நாவலை நெஞ்சில் சுமந்த வாசகர்கள் பலர் இதைக் குறையாகக் கண்டார்கள். ஆனால் ஆவணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஓரிடத்தில் படம் நாவலைவிடத் திருவாலங்காட்டுச் செப்பேட்டுக்கு நெருங்கி வந்திருக்கிறது. மறுபுறம், கரிகாலனின் மரணத்தை அது ஒரு நிறைவேறாத காதலின் முடிவாக்கிக்கொண்டது. ரவிதாசனின் கூட்டம் காட்டில் திரியும் சதிகாரர் கூட்டமாயிற்று. சோழன் பெயரைத் தாங்கிய பட்டம் உள்ள அலுவலரின் குடும்பத்துக்குள்ளிருந்து துரோகம் வந்தது என்ற கல்வெட்டின் கசப்பான செய்தி எங்கோ கரைந்துபோயிற்று. அரசுப் பட்டம் பெற்ற மனிதர்களின் கையால் இளவரசன் மாண்டான் என்பது, காட்டுச் சதியைவிட எவ்வளவோ அச்சமூட்டும் உண்மை.

தொலைக்காட்சித் தொடருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. நாள்தோறும் அரை மணி நேரம், நடுவே விளம்பர இடைவேளை, ஒவ்வொரு முடிவிலும் நாளை பார்க்கத் தூண்டும் ஒரு முடிச்சு என்ற அமைப்பில், காரணம் தெரியாத ஒரு செயலுக்கு இடமே இல்லை. யாரோ ஒருவர் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தாக வேண்டும். கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதிக் கலைஞர் தொலைக்காட்சியில் 2015 இல் தொடங்கிய ‘ராமானுஜர்’ தொடர், வரலாற்றைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட தமிழ் முயற்சிகளில் ஒன்று. அந்தத் துறவியின் வாழ்க்கையைச் சொல்பவர் எவரும், அவரைத் துன்புறுத்தியவனாக வைணவ மரபு ‘கிருமிகண்ட சோழன்’ என்று குறிக்கும் அரசனைக் கண்டுதான் தீர வேண்டும். அந்த மன்னன் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஏட்டில் ‘யார் என்று உறுதியில்லை’ என எழுதி நகர்ந்துவிடலாம். படப்பிடிப்பில் அந்த அரசனுக்கு ஒரு நடிகரும் ஒரு முகமும் ஒரு குரலும் கொடுத்தாக வேண்டும். உருவம் கொடுத்த நொடியிலேயே ஐயம் மறைந்து, பார்ப்பவர் மனத்தில் ஒரு மனிதன் குற்றவாளியாகிவிடுகிறான். காட்சிக் கலைக்கு இயல்பான இந்த வலிமையை உணர்ந்து அதற்கேற்ற பொறுப்பை ஏற்பவரே வரலாற்று நாடகத்துக்குத் தகுதியானவர்.

இத்தகைய நாடகங்கள் வரும்போது எழும் விவாதங்கள் பெரும்பாலும் பொருள்களைச் சுற்றியே நிகழ்கின்றன. சோழர் காலச் சமையலறையில் மிளகாய் தொங்கினால் பிழை. அது போர்த்துகீசியர் வருகைக்குப் பின் வந்த காய். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெண்டிர் மேலாடையின்றி இருக்க, திரையில் எல்லாரும் தைத்த ரவிக்கை அணிவது பிழை, தவிர்க்க முடியாததென்றாலும். பீங்கான் விஷயத்தில் விடை அவ்வளவு எளிதன்று. கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. எனவே சோழ அரண்மனையில் மெருகேற்றிய வெளிர்நிறக் கிண்ணம் ஒன்று இருப்பது பிழையாகாது. ஆனால் அந்த மாளிகை ராஜேந்திரன் எழுப்பியது, கரிகாலன் கொலைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிற்பட்டது. அதே கிண்ணத்தைச் சுந்தர சோழனின் பொன்மாளிகையில் வைப்பதற்கு அந்த உடைசல்கள் நேர்ச் சான்றாகா. விருத்தாசலத்துச் சூளையிலிருந்து வந்த வெள்ளைக் கோப்பை ஒன்றைக் கலை இயக்குநர் அங்கே வைத்தால் அது நிச்சயம் பிழை. இத்தனை நுட்பமும் மதிக்கத்தக்கதே. ஆயினும் இறந்துபோன எவருக்கும் கோப்பைப் பிழையால் அநீதி நேர்வதில்லை. சான்றில்லாத ஒரு கொலைக்கட்டளையை ஒருவர் வாயில் வைப்பதால் நேர்கிறது. ஆயிரம் ஆண்டு ஆனாலும் அவதூறு அவதூறுதான்.

நாடகம் வெற்றிடத்தை நிரப்பவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. நிரப்பாமல் கதை நிற்காது. அகழாய்வில் கிடைத்த மட்கலத்தை அருங்காட்சியகத்தில் ஒட்டி நிறுத்துகிறவர்கள், காணாமற்போன பகுதியைச் சாந்தால் நிரப்பி, அதன் நிறத்தைப் பழைய ஓட்டிலிருந்து சற்று வேறாக விட்டுவைக்கிறார்கள். கலமும் நிற்கும், பார்ப்பவருக்கு எது பழையது என்பதும் தெரியும். நாடகக் கலைக்கு அந்த நிறவேறுபாட்டைக் காட்டும் வழிகள் உண்டு. ஒரே நிகழ்ச்சியை இருவர் பார்வையில் இரண்டு விதமாகக் காட்டலாம். கொலை நடக்கும் அறைக்குள் நுழையாமலே அதன் விளைவுகளைத் தொடரலாம். கதைசொல்லியின் குரலையே, இது ராஜேந்திரன் அவையில் சொல்லப்பட்ட கதை என்று அறிவிக்கப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் சில நொடிகள் ஓடும் ‘இது கற்பனை’ என்ற பொது அறிவிப்பு இதற்கு ஈடாகாது. அது சட்டப் பாதுகாப்புக்கான வாசகம், எது கற்பனை என்பதை அது சொல்வதில்லை.

இந்த நேர்மைக்கு மிகச் சிறந்த முன்மாதிரி, கதையின் நடுவில் நிறுத்தப்பட்ட செம்பியன் மாதேவியாரே. நாவல் அவரைத் தம் மகன் அரசனாவதை விரும்பாத தாயாகக் காட்டியது. கல்வெட்டுகளில் அந்த மனப்பிணக்குக்குச் சான்று இல்லை. உத்தம சோழன் ஆட்சியில்தான் அவருடைய திருப்பணிகள் பெருகின. நாகப்பட்டினம் பக்கத்தில் அவர் பெயராலேயே விளங்கும் செம்பியன் மாதேவி என்ற ஊரில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட உத்தம சோழனின் தேவியர், அதாவது அவருடைய மருமக்கள், கொடையளித்த செய்தி கல்லில் இருக்கிறது. கோனேரிராஜபுரத்தில் தம் கணவர் சிவலிங்கத்தை வழிபடும் உருவத்தைச் செதுக்குவித்து, இன்னார் பெயரால் இன்னார் எடுப்பித்தது என்று கீழே எழுதுவித்தவர் அவர். வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள புகழ்பெற்ற செப்புத் திருமேனி அவருடையதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கோயில்களில் அவர் வெட்டுவித்த எழுத்துகள் அவருடைய குணத்தைத் தெளிவாகவே காட்டுகின்றன.

திருக்கோடிக்காவில் அவர் செய்தது ஒன்று தனித்துச் சொல்லத்தக்கது. பழைய கோயிலைப் பிரித்துக் கருங்கல்லால் புதிதாகக் கட்டியபோது, பழைய கட்டடத்துக் கற்களில் இருந்த முந்தைய அரசர்களின் கல்வெட்டுகளை அழியவிடாமல், புதிய சுவரில் படியெடுத்து வெட்டுவித்தார். வெட்டியதோடு நிற்காமல், இது பழங்கல் ஒன்றின் படி என்ற குறிப்பையும் உடன் சேர்க்கச் செய்தார். யாரோ எப்போதோ விளக்குக்கு ஆடு விட்டதும் நிலம் தந்ததும் பற்றிய சிறு செய்திகள் அவை. அவற்றைப் புதிய கல்லில் புதிய செய்தியாகவே நிறுத்தியிருந்தால் அன்று கேட்பாரில்லை. மூலம் வேறு, படி வேறு என்பதைப் பின்வருவோருக்கு மறைக்கக் கூடாது என்ற எண்ணம், தம் பெயரை எவ்வளவோ பெரிதாக எழுதிக்கொள்ளக்கூடிய ஓர் அரசிக்கு இருந்தது. விருத்தாசலத்திலும் கோனேரிராஜபுரத்திலும் கருங்கல் அடுக்கியவர், அடியில் கிடந்த பழைய எழுத்துக்கும் கணக்கு வைத்தார். அவரைப் பாத்திரமாக்கி எழுதுபவர்கள் அவருடைய இந்தச் செயலைத் தங்கள் தொழிலுக்கு இலக்கணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நாடகத்துக்கு உகந்த செய்தி ஆவணத்தில் இல்லை என்ற வாதமும் சரியன்று. உடையார்குடிக் கல்வெட்டு, கொலையாளிகளின் உடைமைகளை மட்டும் பறிக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய பிள்ளைகள், மனைவியர், தந்தையுடன் பிறந்தோர், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், அவர்கள் உடன்பிறந்த பெண்களையும் மகள்களையும் மணந்தவர்கள் என்று உறவின் ஒவ்வொரு கிளையாக எண்ணி அத்தனை பேரின் உடைமைகளையும் சேர்க்கிறது. அந்தப் பட்டியலை எழுத வேண்டுமானால், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையில் யாரோ உட்கார்ந்து, தங்களோடு ஒரே தெருவில் வாழ்ந்த குடும்பங்களின் கொடிவழியை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்க வேண்டும். யார் யாருக்குப் பெண் கொடுத்தார், எந்த மனை யாருடையது என்று அரசனின் ஆட்களிடம் அடையாளம் காட்டியிருக்க வேண்டும். சொன்னவர்களில் சிலருக்கு அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் உறவாகவும் இருந்திருப்பர். நாவலிலும் படங்களிலும் இந்தச் சபை கூடவில்லை. இளவரசனைக் கொன்றவனின் தங்கையை எப்போதோ மணந்து, அந்தக் கொலையைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருந்திருக்கக்கூடிய ஒருவர், தம் நிலத்தையும் மனையையும் விட்டு எங்கே போனார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அங்கிருந்து தொடங்கும் ஒரு தொடருக்குக் கற்பனை நிறையவே வேண்டியிருக்கும், ஆனால் அந்தக் கற்பனையால் எவர் மீதும் புதிய பழி விழாது.